பாலில் தோய்த்த கை

ஆஸ்பத்திரியில் நல்லசாமிக்கு எத்தனையோ சொல்லி அனுப்பினார்கள். அவன் மனசில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். கை நனையக் கூடாது.

சொன்னவள் நீலாவதி மிஸ்ஸி. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வார்டில் தமிழ் பேசுகிற நர்ஸ் அவள் ஒருத்திதான். சீனத்து டாக்டரம்மா மலாயில் சொல்லச் சொல்ல இவள் தமிழில் சொன்னாள். உள்ளங்கைக்குள் அறுந்து சுருண்டு கிடந்த இரண்டு நரம்பைத் தேடிப் பிடித்து, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த நூலால் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறது. அந்த முடிச்சு இழுபடக் கூடாது என்றுதான் விரல்களை மடக்கி, புறங்கையில் மாவுப்பலகை கொடுத்து, துணி சுற்றியிருக்கிறது. விரல் நிமிர்ந்தால் நூல் அறும். கட்டு நனைந்தால் மாவு கரையும். மாவு கரைந்தால் விரல் நிமிரும். வெளியே தெரிகிற நகங்களைத் தினமும் பார்க்க வேண்டும். நீலம் பூத்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும்.

"நூல் அறுந்துட்டா மறுபடி முடியலாம்லம்மா?" என்று நல்லசாமி கேட்டான்.

அவள் அதை டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. தானே சொன்னாள். "இதுவே தேடித் தேடித்தான் கெடச்சிச்சு அண்ணே. நீங்க வந்ததே லேட்டு. இன்னொரு தடவ கெடைக்கும்னு நெனைக்காதீங்க."

லேட்டாகப் போனதும் அவன் செய்த வேலைதான். ரப்பர் தோட்டத்து மேட்டுக் காட்டில் மழை ஈரத்தில் கால் வழுக்கி, கையில் இருந்த பால் வெட்டுகிற கத்தியோடு விழுந்தான். வலது உள்ளங்கை பிளந்துகொண்டது. தோட்டத்தில் யாருக்குக் கத்தி பட்டாலும் என்ன செய்வார்களோ அதையே செய்தான். பக்கத்து மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலைக் காயத்தில் ஊற்றி, தலைத்துண்டைக் கிழித்துக் கட்டி, மீதி மரத்தையும் வெட்டி முடித்து, பாலை எடுத்து நிறுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். ரத்தம் நின்றது. காயம் மூடிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்க மாட்டேன் என்று நின்றுவிட்டன. கத்திப்பிடியை உள்ளங்கையோடு இறுக்கி வைத்துக்கொள்வது அந்த இரண்டு விரலும்தான். அவை இல்லாமல் கத்தி, கிழவன் வாயில் பல்லாக ஆடியது. அதற்குப் பிறகுதான் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரிடம் போனான். டிரஸ்ஸர் கையைப் பார்த்ததும் சீட்டு எழுதி சிரம்பானுக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பின் டவுன் வரைக்கும் ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியும் அவனுக்குத் தெரிந்தது. குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் உள்ளே நூல் அறுந்துவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த வருஷம் மேட்டுக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தகைக்காரன் ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாத நிரை, அந்த ஆள் வெட்டுகிற மர வரிசை, அடுத்த மாதம் வேறு கைக்குப் போய்விடுகிறது. வேலைக்காரர்களை மேய்க்கிற மண்டோர் ஆறுமுகம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று விஷயத்தை மறைக்காமல் சொன்னார். நல்லசாமிக்கு அண்ணன் வயசு. அவன் பெண்டாட்டி முத்தாயியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பால் ஸ்டோரில் வாளி கழுவ ஓர் ஆள் வேண்டும், இடது கையால் கழுவிக்கொண்டிருந்தால் பெயர் விட்டுப் போகாது, கை ஆறியதும் உன் நிரை உனக்கு, அதற்கு நான் ஜவாப்தாரி என்றார். நல்லசாமி மறுநாளே போய்விட்டான். முத்தாயிக்கு இஷ்டமில்லை. அவளும் பால்வெட்டுக்காரிதான். நிரை போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். அதனால் சும்மா இருந்துவிட்டாள்.

பால் ஸ்டோரில் தண்ணீர் இல்லாத இடம் கிடையாது. தொட்டி, குழாய், சிமெண்டுத் தரை, கழுவிக் கவிழ்க்கிற வாளி, எல்லாம் ஈரம். மேலே கூரை ஒழுகுகிறது, வெளியே தீபாவளி மழை. அவன் கட்டை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினான், பைக்குள் வேர்த்தது. தோளில் மாட்டித் தூக்கிக்கொண்டே வேலை செய்தான், தெறித்த தண்ணீர் மேலேயும் வந்தது. முதல் நாள் சாயங்காலம் துணி ஓரத்தில் ஒரு கறைபோல ஈரம் படிந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான். மாவு கரைய ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வராமல் எப்படி இருக்கும்? பிறந்ததிலிருந்து பார்த்த காரியம். மழைக்குப் போட்டுக்கொள்கிற சாக்குக்குப் பாலைத்தான் பூசிக் காய வைப்பார்கள். துணிச் சப்பாத்தைப் பாலில் முக்கி எடுத்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகாது. பிள்ளைகள் குச்சியைப் பாலில் தோய்த்து உலர்த்தி, உறையாக உரித்து ஊதி விளையாடும். இத்தனைக்கும் ஆகிறது இதற்கு ஆகாதா?

ஒரு வாளி நல்ல பாலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, முழங்கைக்குக் கீழே வரைக்கும் கட்டோடு கையை விட்டான். விரல் நுனியை வெளியே விட்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று நகமும் மறைகிற மாதிரி முக்கினான். எடுத்து, ரப்பர் சீட்டு உலர்த்துகிற புகைக்கூட்டு வாசலில் சூட்டுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். காய்ந்ததும் இன்னொரு முறை. மறுநாள் காலையில் கை, தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது, குழாய்க்கு அடியில் காட்டினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவனுக்கு அன்றைக்குத்தான் பயம் கொஞ்சம் தணிந்தது.

மண்டோர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் ஒன் சீட்டுலா இது. ஆளோட சேத்து ஏலத்துக்கு அனுப்பிறலாம்" என்றார். ஸ்டோரில் எல்லாரும் சிரித்தார்கள். நல்லசாமியும் சிரித்தான்.

பயம் ஒரு தடவை தணிந்தால் அப்படியே நிற்கிற சாமான் இல்லை. மணிக்கட்டு ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு தெரிந்தது. உடனே மறுபடி முக்கினான். பிறகு வெடிப்பு தெரியாத நாளிலும் முக்கினான். ஒரு பூச்சு ஏறும்போது முதல் பூச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது. ரப்பர் காயக் காயச் சுருங்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? ஆனால் அவன் கண்ணுக்குத் தண்ணீர்தான் எதிரி. வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

உள்ளே முதலில் அரித்தது. பிறகு சூடு ஏறியது. பிறகு யாரோ உள்ளே உட்கார்ந்து உரலில் இடிக்கிற மாதிரி வலித்தது. நல்லசாமி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரம்பானுக்குப் போ என்பார்கள். சிரம்பானுக்குப் போனால், இதைப் பார்த்து டாக்டரம்மா கையையே எடுக்கச் சொல்லிவிடுவார். அடுத்த தோட்டத்தில் ஓர் ஆள் கம்பி கிழித்த கைக்குச் சரியாக வைத்தியம் பார்க்காமல் விட்டதில், கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஆள் சட்டைக் கையை ஊக்குக் குத்தி மடித்துவிட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்திருக்கிறான். நல்லசாமி இரண்டு தடவை அந்த கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறான். இரண்டு தடவையும் அந்தச் சட்டைக் கையைப் பார்க்காமல் போகத்தான் பார்த்தான், முடியவில்லை.

அப்புறம் ஒருநாள் வலி நின்றுவிட்டது. உட்கார்ந்து இடித்தவன் எழுந்து போய்விட்ட மாதிரி, உள்ளே அமைதி. ஆறிவிட்டது என்று நல்லசாமி எண்ணினான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான்.

முத்தாயிதான் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சாப்பிட உட்கார்ந்தபோது குனிந்து குழம்பு ஊற்றியவள் மூக்கைச் சுளித்தாள். பால் வாசனை அவளுக்குத் தெரியும், அமோனியா வாசனை தெரியும், மங்கில் புளித்த பழைய பால் நாறுவதும் தெரியும். இது அது எதுவும் இல்லை. குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த உறைமேல், விரல் நுனி இருக்கிற இடத்தில், பலமாக அமுக்கினாள்.

அவன் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நான் இப்ப என்னா செஞ்சேன்?" என்று கேட்டாள்.

"என்னா செஞ்ச?"

அவள் கை அந்த விரல்மேல்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

முத்தாயி மழையிலேயே மண்டோர் வீட்டுக்கு ஓடினாள். மண்டோர் டிரஸ்ஸர் வீட்டுக்கு ஓடினார். டிரஸ்ஸர் இல்லை, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை வேனில் ஏற்றிக்கொண்டு தம்பினுக்குப் போயிருந்தார். பால் லாரி பொழுது சாய்ந்தால்தான் திரும்பும். மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம் என்றால், ஆற்றுப் பாலத்துக்குமேல் தண்ணீர். லாரி தாண்டும், மோட்டார் தாண்டாது.

மண்டோர் திரும்பி வந்து கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். உறை கல்லாக இறுகியிருந்தது. கத்தரிக்கோலை உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள். சதைக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு ஊசி போக இடம் இல்லை. உரித்து எடுக்கலாம் என்று முழங்கைப் பக்கம் பிடித்து இழுத்தால், உள்ளே கட்டே மொத்தமாக நகர்ந்தது. நல்லசாமி அலறினான். வலி இல்லை. விரல் நிமிர்ந்துவிடும் என்று அலறினான்.

"தங்கச்சி, ஒன் கத்திய எடுத்தா" என்றார் மண்டோர்.

முத்தாயிக்கு அவர் சொல்வது புரிந்தது. புரிந்ததும் சுவர்ப்பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அந்த டிவிசனில் முத்தாயி வெட்டின மரத்தில் காயம் பார்க்க முடியாது. பட்டையை ஆழமாக வெட்டினால் கத்தி மரத்தில் பட்டுவிடும், அந்த இடம் முண்டு முண்டாக வீங்கி, பிறகு பால் தராது. மேலாக வெட்டினால் பாலே வராது. நடுவில் இருக்கிற அந்தக் காகிதத் தடிப்பில் நிற்க வேண்டும். நல்லசாமி உட்பட எல்லாரும் எங்காவது ஒரு மரத்தில் காயம் போட்டு மண்டோரிடம் வசவு வாங்குவார்கள். முத்தாயி வாங்கியதில்லை.

"மரம் ஆடாதுண்ணே" என்றாள். "மரம் கத்தாது. இவரு கத்துனாருன்னா என் கை போயிரும்."

"நான் கத்த மாட்டேன் புள்ள."

"கத்தி பட்டா சொல்லுவீங்களா?"

"பட்டாத் தெரியாது. எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே."

அவள் கத்தியை எடுத்து வந்து சாணைக்கல்லில் தீட்டினாள். எப்போதும் தீட்டுகிற நேரத்தைவிட அதிக நேரம் தீட்டினாள். மண்டோர் சாப்பாட்டுப் பலகையில் துண்டை விரித்து, நல்லசாமியின் கையை அதன்மேல் வைத்தார். உறைக்கு மேலாகவே நாலு விரலையும் மடங்கினபடி தன் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். கட்டு விலகும்போது விரல் துள்ளி நிமிர்ந்தால் எல்லாம் போச்சு என்று அவருக்கும் தெரியும்.

முத்தாயி முழங்கைப் பக்கம் தொடங்கி, சுண்டு விரல் ஓரமாக இழுத்தாள். ரப்பர் சுருள் சுருளாக வந்தது. மரத்தில் வருகிற பட்டைச் சீவல் மாதிரியே மெல்லிசாக, பலகைமேல் விழுந்து சுருண்டுகொண்டது. ஒரே கோட்டில் ஒருமுறை, அதே கோட்டில் மறுமுறை. நல்லசாமி கத்தியைப் பார்க்கவில்லை. அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி சுருங்கினால் தோலில் பட்டுவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு வேர்வை புருவத்தில் நின்று கண்ணில் இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

மணிக்கட்டில் ஒருமுறை கத்தி நின்றது. மண்டோர் "என்னா?" என்றார். அவள் விரல் நகத்தால் கோட்டைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு இழை தெரிந்தது. நூல்தான், கட்டுத் துணியின் நூல். நல்லசாமிக்கு நூல் என்றாலே ஒரே நூல்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

துணி தெரிந்த பிறகு கத்தரிக்கோல் நுழைந்தது. ஊறிப்போன துணியையும், தயிர்போல இளகிக் கிடந்த மாவையும் முத்தாயி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். இவ்வளவு நாளும் அவன் தண்ணீருக்குப் பயந்து பூட்டி வைத்த கட்டு, அவன் வேர்வையிலேயே கரைந்து போயிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தது அந்த உறையின் இறுக்கத்தால்தான். அதைப் பார்த்ததும் மண்டோர் பிடியை இன்னும் இறுக்கினார். உறை பிரியப் பிரியக் கையை மாற்றி மாற்றி உள்ளே விட்டு, கடைசியில் வெறும் விரல்களையே பொத்திக்கொண்டார்.

கை வெளியே வந்தது. தோல் தண்ணீரில் கிடந்த பிணத்தின் தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. விரல் நுனிகள் மட்டும் ஈரல் நிறம். கத்தி பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. அதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

"தெரியுதா?" என்று முத்தாயி நுனியைக் கிள்ளினாள்.

தெரியவில்லை.

"இப்ப?"

தெரியவில்லை. மண்டோர் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு எறும்பு ஏறுகிற மாதிரி இருந்தது நல்லசாமிக்கு. ஒரு எறும்பு, பிறகு எறும்புப் புற்றே. பிறகு நெருப்பு. கத்த மாட்டேன் என்று சொன்னவன், லயத்து வரிசையில் கடைசி வீடு வரை கேட்கும்படி கத்தினான். கையை உதறி இழுக்கப் போனான். மண்டோர் பலகைமேல் ஏறி உட்காராத குறையாக, விடாமல் பிடித்துக்கொண்டார்.

லாரி வந்ததும் மூன்று பேரும் முன்னால் ஏறினார்கள். மாவுக்கட்டு இல்லை, துணிக்கட்டு இல்லை. பழைய தகரத்தை வளைத்துக் கட்டலாம் என்று டிரைவர் சொன்னார். எங்கே வளைப்பது, எவ்வளவு வளைப்பது என்று யாருக்குத் தெரியும்? மண்டோரின் கைதான் கட்டு. அவர் அந்த நாலு விரலையும் பொத்தியபடியே உட்கார்ந்து வந்தார். பாலத்தில் தண்ணீர் சக்கரத்தை மோதியபோது லாரி ஒரு பக்கம் இழுத்தது. மண்டோர் தன் உடம்பைக் கதவில் மோத விட்டாரே ஒழிய, கையை அசைய விடவில்லை.

"கல்யாணத்துலகூட எம்பொண்டாட்டி கைய நான் இவ்ளோ நேரம் புடிச்சதில்லலா" என்றார் ஒருமுறை. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நல்லசாமி வழியெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தான். அறுந்திருக்குமா? மண்டோர் இல்லை என்றார். அவன் முத்தாயியைப் பார்த்துக் கேட்டபோது, தெரியாதுங்க என்றாள். வெட்டுகிற இடத்தில் பொய் சொல்லாதவள், மற்ற இடத்தில் சொல்லுவாளா?

நல்ல வேளையாக நீலாவதி மிஸ்ஸிக்கு அன்றைக்கு வேலை இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அவள் திட்டுவாள் என்று நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. டாக்டரம்மா வந்தார். நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த இடத்தில் மெதுவாகச் சிவப்பு ஏறுவதைப் பார்த்துவிட்டு, மலாயில் ஏதோ சொன்னார்.

"கை நிக்கும்" என்றாள் நீலாவதி. "வெட்ட வேண்டியதில்ல. இன்னும் ஒருநாள் விட்டிருந்தா சொல்ல முடியாது."

மண்டோரை விடச் சொன்னார்கள். மண்டோர் விடவில்லை. தான் விட்டால் நிமிர்ந்துவிடும் என்றார். நான் அடியில் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் ஒவ்வொன்றாக எடுங்கள் என்று நீலாவதி சொன்ன பிறகு எடுக்கப் பார்த்தார், அவர் விரல்கள் மரத்துப்போய்ப் பிரியவில்லை. அவள்தான் அவற்றைப் பிரித்து விட்டாள்.

டாக்டரம்மா மணிக்கட்டைத் தன் கையில் தாங்கிக்கொண்டு, மடக்கு என்றார். அதற்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை. நல்லசாமி மடக்கவில்லை. நரம்பு அறுந்திருந்தால் மடக்கும்போதுதான் தெரியும். மடக்காத வரைக்கும் அது அறுந்ததும் இல்லை, அறாததும் இல்லை. அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

"அண்ணே, மடக்குங்க. கொஞ்சமா" என்றாள் நீலாவதி.

மடக்கினான். மோதிர விரலின் நுனி, நெல் முனை அளவு உள்ளே போனது. நின்றது. மறுபடி போனது. சுண்டு விரல் அது பாட்டுக்கு இருந்தது. டாக்டரம்மா இன்னொரு முறை மடக்கச் சொன்னார். இன்னொரு முறையும் அது பாட்டுக்குத்தான் இருந்தது.

ஒன்று நின்றிருக்கிறது, ஒன்று போய்விட்டது என்று நீலாவதி சொன்னாள். ரப்பர் உறையைப் பிடித்து இழுத்தபோது போனதா, லாரியில் போனதா, வலி வந்து உதறியபோது போனதா, சொல்ல முடியாது என்றாள். இனிமேல் கட்டும் ஆஸ்பத்திரியில்தான், அசைப்பதும் ஆஸ்பத்திரியில் சொல்லுகிறபடிதான், ஸ்டோர் பக்கமே போகக் கூடாது என்றாள். மண்டோர் தலையை ஆட்டினார். நிரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நல்லசாமியும் கேட்கவில்லை. அவன் கேட்டது வேறு.

"ஒரு வெரலு இல்லாம கத்தி புடிக்க முடியுமா?"

டாக்டரம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீலாவதிக்கும் தெரியவில்லை. மண்டோர் வெட்டுவதை விட்டு ரொம்ப வருஷம் ஆகிறது. முத்தாயி தன் வலது கையை முன்னால் நீட்டினாள். இல்லாத கத்தி ஒன்றைப் பிடித்தாள். சுண்டு விரலை மட்டும் பிரித்து வெளியே நீட்டிவிட்டு, இல்லாத மரத்தில் மேலிருந்து கீழாக, சாய்வாக ஒரு இழுப்பு இழுத்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி மேலே கொண்டுபோய் இழுத்தாள். அவள் மணிக்கட்டு லேசாகத் தடுமாறியதை நல்லசாமி பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"புடிக்கலாம்" என்றாள். "மரத்துல காயம் போடாம இழுக்க முடியுமான்னுதான் எனக்குத் தெரியல."